22 படி ஏறிப் போயி மூச்சு விடக் கத்துக்கிட்டது: பாளையங்கோட்டை நுரையீரல் பிசியோ சென்டர், 8 வார அனுபவம்

மொதல்லயே சொல்லிருதேன், சென்டர் பேரு போட மாட்டேன். நல்லதும் சொல்லப் போறேன் கொறையும் சொல்லப் போறேன், பேரு போட்டா பாதிப் பேரு விளம்பரம்னு சொல்லுவாங்க மீதிப் பேரு வயித்தெரிச்சல்னு சொல்லுவாங்க, நமக்கு எதுக்கு அந்த வம்பு. பாளையங்கோட்டையில நுரையீரல் கோளாறு உள்ளவங்களுக்குன்னே பயிற்சி குடுக்குற எடம், போர்டுலயே பல்மனரி ரீஹேப்னு போட்டுருக்கும். எங்கம்மாவ அங்க 8 வாரம் கூட்டிட்டுப் போனேன், வாரத்துக்கு 3 நாளு, மொத்தம் 24 சிட்டிங், ஒரு சிட்டிங்குக்கு 300 ரூபா. ஆக 7200, மொத நாள் டெஸ்ட்டுக்கு 600 தனி. பஸ்ஸு ஆட்டோ வடை காப்பி செலவ இங்க எழுதல, எழுதுனா எங்க வீட்டுக்காரரு படிச்சிருவாரு.

அம்மாவுக்கு 64 வயசு, ஊரு முக்கூடல் பக்கம். பீடி சுத்துறவ. பதினாறு வயசுல சொளக மடியில வச்சவ, எலை வெட்டி தூள் வச்சு சுத்தி நூல் கட்டி எங்க மூணு பேரையும் படிக்க வச்சா, ஆனா ஒரு பீடியக் கூட வாயில வச்சதில்ல. அப்பாவும் குடிக்க மாட்டாரு. அதனால நெஞ்சு டாக்டரு இது சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி காத்து லேசுல வெளிய போகாத நாள்பட்ட நுரையீரல் நோயின்னு சொன்னப்ப எனக்கு நம்பிக்கையே வரல, அது சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வர்றதுல்லான்னு கேட்டேன். அவரு என்னைய விட்டுட்டு அம்மாவப் பாத்து அடுப்புல என்ன எரிச்சீங்கன்னு கேட்டாரு. அம்மா சொல்ல ஆரம்பிச்சா பாருங்க, கருவ வெறகு, பருத்தி மாரு, பனமட்ட, எரு, நெல்லு அவிக்கும்போது விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்பு முன்னால உக்காந்தா வெயிலு ஏறுற வரைக்கும், அதுவும் ஜன்னல் இல்லாத அடுக்களை. டாக்டரு போதும்மா போதும்மான்னுட்டாரு. வெறகுப் பொகைய வருஷக்கணக்கா குடிச்ச பொம்பளைங்களுக்கு பீடி சிகரெட் தொடாமலே இது வருமாம். காஸ் வந்து பதினஞ்சு வருஷம் ஆகுது, ஆனாலும் வெந்நி போட இன்னைக்கும் கொல்லையில வெறகடுப்பு எரியும், காஸ்ல வெந்நி போட்டா கட்டுப்படியாகாதாம்.

இந்த சென்டருக்கு வாரதுக்கு முந்தி வேற ஒரு எடத்துக்குப் போனோம், அதுக்கும் பேரு வேண்டாம். அங்க ரெண்டே விஷயந்தான் சொன்னாங்க. ஒண்ணு, அலையாதீங்க, மூச்சு வாங்குனா படுத்து ரெஸ்ட் எடுங்க. ரெண்டாவது, மூணு பந்து உள்ள அந்த பிளாஸ்டிக் டப்பா, அத வாங்கி தெனமும் இழுங்க. அம்மா ரெஸ்ட் எடுத்தா, எடுத்துக்கிட்டே இருந்தா, ஆறு மாசத்துல தெருமுக்கு கடைக்குப் போறத விட்டா, அப்புறம் கொல்லைக்குப் போயிட்டு வந்தாலே தார்சால உக்காந்து தூணப் புடிச்சுக்கிட்டு எளைக்க ஆரம்பிச்சா. பந்து மட்டும் மூணும் மேல ஏறிட்டு, ஃபோன்ல பெருமையா சொன்னா. டப்பாவக் குத்தஞ்சொல்ல மாட்டேன், ஆபரேஷன் முடிஞ்சு படுத்துக் கெடக்குறவங்க ஆழமா மூச்சு இழுக்கட்டும்னு குடுக்குறது அது. எங்கம்மாவுக்கு கஷ்டம் இழுக்குறதுல இல்ல, விடுறதுல. அது எனக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆச்சு.

சரி, சென்டருக்கு வாரேன். மொத நாளே எனக்கு ரத்தம் கொதிச்சிட்டு, ஏன்னா அது மாடியில இருக்கு. லிஃப்ட் கெடையாது. நடந்தா எளைக்குதுன்னு வாரவங்களுக்கு வைத்தியம் பாக்குற எடத்த மச்சுல வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல. 22 படி, எண்ணிட்டேன். நடுவுல ஒரு திருப்பம், அங்கன ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு வச்சிருக்காங்க, அந்தச் சேரப் பாத்ததும் இன்னும் கோவம் வந்துச்சு, அப்போ உங்களுக்கே தெரியுதுல்லா. அம்மா அந்த சேர்ல 9 நிமிஷம் உக்காந்துருந்தா. மேல போயி கேட்டதுக்கு வாடகை கட்டுப்படியாகலன்னு நேரடியா சொன்னாங்க, அந்த நேர்மை எனக்குப் புடிச்சது, ஆனாலும் கொறை கொறைதான், ரேட்டிங்ல கழிச்சிருக்கேன்.

பிசியோ ஒரு சின்ன பிள்ள, இருவத்தாறு இருவத்தேழு இருக்கும், நாங்குநேரி பக்கமாம். வந்ததும் ஆச்சி ஆச்சின்னு கையப் புடிச்சுக்கிட்டு. மொத வேலையா பேப்பர் பைல் எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசியா மேலுக்கு முடியாம ஆஸ்பத்திரியில படுத்தது எப்ப, நெஞ்சுவலி உண்டா, சளி என்ன கலரு, இன்ஹேலர எப்படி போடுதீங்க காட்டுங்கன்னு கேட்டுச்சு. அம்மா போட்டுக் காட்டுனா. வாய்க்குள்ள அடிச்ச மருந்துல பாதி மூக்கு வழியா மேகம் மாதிரி வெளிய வந்துச்சு. ரெண்டு வருஷமா அப்படித்தான் போட்டுருக்கா, மாசாமாசம் மருந்துக்கடையில நான் காசு கட்டிட்டு இருந்திருக்கேன், ஒருத்தரும் போட்டுக் காட்டச் சொல்லல. ஸ்பேசர்னு ஒரு குழாய் மாட்டி பைய இழுத்து பத்து எண்ணுற வரைக்கும் அடக்கிட்டு விடுன்னு சொல்லிக் குடுத்துச்சு. இந்தப் பத்து நிமிஷத்துக்கே 600 ரூபா தகும். பயிற்சிக்கு கால் மணி நேரம் முந்தி அந்த மூச்சுக்குழாய விரிக்கிற இன்ஹேலர போட்டுட்டு வரணும்னும் சொல்லிச்சு.

அப்புறம் 6 நிமிஷ நடை டெஸ்ட். இத எல்லாருக்கும் வெளக்கமா சொல்லணும்னு நெனச்சேன், ஏன்னா நானே என்னமோ ஓட விட்டு இருதயத்த பாக்குறதுன்னு நெனச்சு பயந்துட்டேன். ஒண்ணுமில்ல, சமதளமான வராண்டா, ரெண்டு பக்கமும் ஆரஞ்சு கூம்பு, 6 நிமிஷத்துல உன்னால எம்புட்டு தூரம் நடக்க முடியுமோ நடக்கணும், ஓடக்கூடாது, முடியலன்னா நின்னுக்கலாம் சுவர்ல சாஞ்சுக்கலாம், ஆனா கடிகாரம் நிக்காது. விரல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு காட்டுற கிளிப்பு. அந்தப் பிள்ள பின்னாலயே நடந்து வருது, கூட நடந்தா அது வேகத்துக்கு இவ நடந்துருவாளாம். நிமிஷத்துக்கு ஒருக்க ஒரே கொரல்ல, நல்லா நடக்கீங்க இன்னும் 5 நிமிஷம் இருக்கு, இன்னும் 4 நிமிஷம் இருக்குன்னு சொல்லுது, வேற ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. அம்மா நடுவுல அதுகிட்ட ஏ பிள்ள உனக்கு கல்யாணம் ஆயிட்டான்னு கேட்டுக்கிட்டே எளைக்கா. பேசாம நடங்க ஆச்சி. ரெண்டு தடவ நின்னா. மொத்தம் 228 மீட்டர். ஆக்சிஜன் 95ல தொடங்கி 89 வரைக்கும் எறங்குச்சு. 88க்கு கீழ போனா பயிற்சிய நிறுத்திருவோம், தேவைன்னா ஆக்சிஜன் வச்சுக்கிட்டே நடக்க டாக்டர்கிட்ட எழுதி வாங்குவோம்னாங்க, எங்களுக்கு அந்தத் தேவ வரல.

எளைப்ப அளக்குறதுக்கு ஒரு சார்ட்டு வச்சிருக்காங்க, சுவர்ல ஒட்டியிருக்கு, போர்க் ஸ்கேலாம், 0ல இருந்து 10 வரைக்கும். இப்ப உங்க எளைப்புக்கு பத்துக்கு எத்தன மார்க்கு ஆச்சின்னு கேட்டா அம்மா முழிக்கா. மார்க்கு போட நான் என்ன டீச்சரான்னு கேக்கா. அந்தப் பிள்ளைக்கும் பொறும, சரி ஆச்சி எதச் செஞ்சா கொஞ்சமா எளைக்கும் எதச் செஞ்சா நெறையா எளைக்கும் சொல்லுங்கன்னு ஆரம்பிச்சு ரெண்டு பேருமா உக்காந்து ஒரு கணக்கு போட்டாங்க. 3ன்னா கொல்லையில இருந்து ஒரு கொடம் தண்ணி. 5ன்னா தெருப்பைப்புல இருந்து இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணு. 7ன்னா அடிபம்புல அடிச்சு தூக்கிட்டு வாரது. 10ன்னா, அம்மா வார்த்தையிலயே எழுதிச்சு, கொடத்தப் போட்டுட்டு உக்காந்துருவேன். அந்தச் சார்ட்டுக்கு அடியிலயே பேனாவால எழுதி ஒட்டிட்டு. அப்புறம் எட்டு வாரமும் அங்க எளைப்ப கேட்டா எத்தன கொடம் ஆச்சின்னுதான் கேப்பாங்க, மத்த நோயாளிகளும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நாம நிக்க வேண்டிய எடம் 4ல இருந்து 6 வரைக்கும், அதுக்கு கொறஞ்சா பயிற்சி பத்தாது கூடுனா தாங்காது.

அதே கொடத்த வச்சே நோயையும் சொல்லிட்டு. உங்க நெஞ்சுக்குள்ள கொடம் காலியாக மாட்டேங்குது ஆச்சி, பழைய தண்ணி முக்காவாசி கெடக்குது, அதுமேல புதுசு ஊத்துனா எம்புட்டு புடிக்கும், வேகமா நடந்தா வேகமா ஊத்துதீங்க, பழசு இன்னும் கூடுது, அதான் நெஞ்சு அடைக்குது. அதனால உதட்ட விசில் அடிக்கிற மாதிரி குவிச்சு, ரெண்டு எண்ணி மூக்குல இழுத்து நாலு எண்ணி வாயில பைய விடணும். சுடுசோத்த ஊதுற மாதிரின்னு சொன்னதும் அம்மாவுக்கு புடிபட்டுட்டு. படி ஏறும்போது கால எடுத்து வைக்கையில மூச்ச விடணும், நின்னு இழுக்கணும். நாம எல்லாம் தம் கட்டி ஏறுவோம்லா, அதுதான் கேடு.

ஆனா எனக்கு உண்மையிலயே கண்ணத் தொறந்து விட்டது கால் விஷயம். அம்மாவுக்கு தொடையில டேப் வச்சு அளந்தாங்க, சேர்ல உக்காந்து கைய ஊணாம எந்திரிக்கச் சொன்னாங்க, 30 செகண்டுல எத்தன தடவ முடியுதுன்னு எண்ணுனாங்க, 6 தடவதான். எளைப்பு நோயில நுரையீரல் மட்டும் இல்லயாம், எளைக்குதேன்னு உக்காந்தா காலு மெலியுது, மெலிஞ்ச கால் நாலு எட்டு வச்சதுமே அமிலத்த சொரக்குது, அந்த அமிலத்த சரிக்கட்ட இன்னும் மூச்சு வேணும், மூச்சு இல்ல, திரும்ப உக்காருதோம். எங்கம்மா நோய் வந்த பொறவு மட்டும் உக்காந்தவ இல்ல, நாப்பத்தஞ்சு வருஷமா சொளக மடியில வச்சு சம்மணம் போட்டு உக்காந்தே சம்பாரிச்சவ. கை ரெண்டும் இன்னைக்கும் எந்திரம் மாதிரி போகும், ஒரு நாளைக்கு 700 பீடி சுத்திருவா, மூச்சு வாங்காது, ஏன்னா முழங்கை மடியில தாங்கிருக்கு. அதே கைய மேல தூக்கி பரண்ல இருந்து ஒரு தூக்குச்சட்டிய எடுக்கச் சொல்லுங்க, எளைச்சிருவா, கைய தாங்கல் இல்லாம தூக்குனா மூச்சுக்கு ஒத்தாசை பண்ணுற தசையெல்லாம் கைக்கு வேல செய்யப் போயிருதாம். தல சீவும்போது துணி காயப்போடும்போது எளைக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா, நாங்க அத வேல செய்யாம இருக்கச் சாக்குன்னு நெனச்சிருக்கோம். மன்னிச்சிரும்மா.

பயிற்சி எப்படின்னா, டிரெட்மில் இருக்கு, அம்மா அதப் பாத்ததும் அந்த ஓடுற பாயில நான் ஏற மாட்டேன்னுட்டா, ரெண்டு வாரம் வராண்டாவுலயே நடந்தா. வேகத்த அவங்க இஷ்டத்துக்கு வைக்கல. 6 நிமிஷத்துல 228 மீட்டர்னா நிமிஷத்துக்கு 38, அதுல நூத்துக்கு எண்பதுன்னு வச்சா மணிக்கு 1.8 கிலோமீட்டர், கால்குலேட்டர்ல தட்டி என்கிட்டயே காட்டுனாங்க. மொதல்ல 2 நிமிஷம் நட, 1 நிமிஷம் நில்லு, இப்படி அஞ்சு தடவ. வாராவாரம் நடக்குற நேரத்த கூட்டி நிக்கிற நேரத்த கொறச்சாங்க, வேகத்த கடைசியாத்தான் கூட்டுனாங்க. தொடர்ந்து நடக்க முடியாதவங்களுக்கு விட்டுவிட்டு நடந்தாலும் பலன் ஒண்ணுதானாம். மூணாவது வாரம் டிரெட்மில்ல ஏறிட்டா, எட்டாவது வாரம் 20 நிமிஷம் நிக்காம நடந்தா. அதுபோக சேர்ல உக்காந்து எந்திரிக்கிறது, கால்ல மணல் பட்டை கட்டி நீட்டுறது, அரை லிட்டர் தண்ணி பாட்டில ரெண்டு கையில வச்சு தோளுக்கு மேல தூக்குறது. ரொம்ப எளைச்சா முன்னால குனிஞ்சு முழங்கைய தொடையில ஊணி உக்காரணும், நின்னுக்கிட்டு இருந்தா சுவத்துல கைய ஊணி சாயணும். காய்ச்சல் அடிச்சா, சளி மஞ்சளா பச்சையா மாறுனா, வழக்கத்த விட எளைப்பு கூடுனா அன்னைக்கு பயிற்சி கெடையாது, நேரா டாக்டர்தான்.

அம்மாவோட பேட்ச்சுல ஆறு பேரு. அதுல ஒரு அண்ணாச்சி, முந்தி லாரி ஓட்டுனவரு, எழுவது வயசு, பீடி குடிச்சுக் குடிச்சு வந்த சிஓபிடி, நோய் வந்த அப்புறமாத்தான் பீடிய விட்டாரு. ஒருநாளு, என்ன வேல பாத்தீயன்னு அவரு அம்மாகிட்ட கேக்க, அம்மா பீடி சுத்துனேன் அண்ணாச்சின்னு சொல்ல, அவரு ஒரு நிமிஷம் அம்மாவப் பாத்தாரு, அப்போ நீ சுத்துனத நான் ஊதுனேன், ரெண்டு பேரும் ஒரே பாயில ஓடுதோம்னாரு. அம்மா விடுவாளா, எம்பீடியா இருந்தா இம்புட்டு சீக்கிரம் இங்கன வந்துருக்க மாட்டீய, நான் தூள் கம்மியாத்தான் வைப்பேன்னா. அந்த ரூமே சிரிச்சு, சிரிச்சதுல ரெண்டு பேருக்கு எளைப்பு வந்து, கிளிப்ப எடுத்துட்டு ஓடி வந்தாங்க. வீட்ல தனியா செய்யச் சொன்னா அம்மா மூணாவது நாளே விட்டுருப்பா, அண்ணாச்சி 14 நிமிஷம் நடந்துட்டாருன்னுதான் இவ 15 நடந்தா. அந்த ஆறு பேர்ல ஒருத்தர் பழைய டிபி குணமாகி நுரையீரல் தழும்பு விழுந்தவரு, அவருக்கும் இதே பயிற்சிதான். எந்த மாத்திரைக்கும் இல்லாத மகிம இந்தக் கூட்டத்துக்கு உண்டு.

இப்ப கொறைகள். படிய சொல்லிட்டேன். ரெண்டாவது, வெள்ளிக்கிழமை போனா வரவேற்புல சாமி படத்துக்கு முன்னால சாம்பிராணி போட்டு வச்சிருக்காங்க! நுரையீரல் சென்டர்ல! உள்ள இருக்க ஆறு பேரும் லொக்கு லொக்குன்னு இருமுறாங்க, ரிசப்ஷன் அக்கா ஒருநாள் வேலைக்கு வந்த பிள்ள மாதிரி முழிக்கி. நான் சத்தம் போட்ட பொறவு நிறுத்திட்டாங்க, அடுத்த வெள்ளி வெறும் பூ மட்டும். மூணாவது, 10 மணின்னு சொல்லிட்டு 11 மணிக்கு கூப்புடுவாங்க, ஊர்ல இருந்து ஏழரை பஸ்ஸு புடிச்சு வாரவங்களுக்கு அது எம்புட்டு கஷ்டம். நாலாவது, சனிக்கிழமை அந்தப் பிள்ள லீவு, புதுசா வந்த பையன் ஒருத்தன். ஏசிக்கு நேரா உக்கார வச்சு கிளிப்ப மாட்டுனான், 84 காட்டுச்சு, உடனே ஆக்சிஜன் சிலிண்டர உருட்டிட்டு வாரான், அம்மா பயந்து அழுதுட்டா. வெரலு ஜில்லுன்னு கெடந்தா மெஷின் தப்பா காட்டும்னு அவனுக்கு தெரியல, நான்தான் கைய ரெண்டு நிமிஷம் தேச்சு விட்டு வேற வெரல்ல மாட்டச் சொன்னேன், 94. நகச்சாயம் போட்டுருந்தாலும் அப்படித்தான் தப்பா காட்டுமாம், அத அந்தப் பிள்ள மொத நாளே சொல்லியிருந்துச்சு.

அஞ்சாவது கொறை கொஞ்சம் நுணுக்கமானது, ஆனா பணம் குடுக்குறவங்க தெரிஞ்சுக்கணும். இந்த 6 நிமிஷ டெஸ்ட்டுக்கு வராண்டா 30 மீட்டர் நீளம் இருக்கணும்னுதான் முறையாம், இங்க 15 மீட்டர்தான். நீளம் கம்மியா இருந்தா அடிக்கடி நின்னு திரும்பணும், தூரம் கொறையத்தான் செய்யும். அதனால இங்க எடுத்த நம்பர வேற ஆஸ்பத்திரி நம்பரோட வச்சுப் பாக்கக்கூடாது, இங்கயே எடுத்தத இங்கயே எடுத்ததோடதான் பாக்கணும். அதுமட்டும் இல்ல, மொத தடவையே இந்த டெஸ்ட்ட ரெண்டு வாட்டி எடுக்கணும், ஏன்னா ரெண்டாவது வாட்டி பழக்கத்துலயே கொஞ்சம் கூட நடந்துருவோம். இங்க ஒரே வாட்டிதான் எடுத்தாங்க. கேட்டதுக்கு ஆச்சி ரொம்ப எளைச்சுட்டாங்கன்னு சொன்னாங்க, சரிதான், அடுத்த நாள் எடுத்துருக்கலாம்லா.

கடைசி டெஸ்ட்டுல அம்மா 291 மீட்டர் நடந்தா, ஒரு தடவ கூட நிக்கல. 63 மீட்டர் கூட. 30 மீட்டர் கூடுனாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும்னு கணக்கு வச்சிருக்காங்க, பழக்கத்துக்கு கொஞ்சம் கழிச்சாலும் இது தேறுது. சேர்ல எந்திரிக்கிறது 6ல இருந்து 10. ஆனா ஊதுற டெஸ்ட் திரும்ப எடுத்தப்ப, மொத செகண்டுல வெளிய தள்ளுற காத்து, அவ வயசுக்கு இருக்க வேண்டியதுல முன்ன 52 சதவீதம், இப்ப 53. அவ்வளவுதான். எங்க அண்ணன் மெட்ராஸ்ல இருந்து ஃபோன்ல குதிக்கான், எட்டாயிரம் ரூபா குடுத்து ஒரு பர்சன்ட்டான்னு. அவனுக்கு எப்படிச் சொல்ல, நுரையீரல் மாறாதுன்னு மொத நாளே சொல்லித்தான் சேத்தாங்க, காசு வாங்குனது காலுக்கு. அதே நுரையீரல வச்சுக்கிட்டு கூட தூரம் போக வைக்கிறதுதான் இந்த வைத்தியமே. நானும் சும்மா நம்பல, தேடிப் படிச்சேன், 2015ல மருத்துவ ஆய்வுகளத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்புக்காரங்க 65 ஆய்வு, 3822 சிஓபிடி நோயாளிங்க கணக்க ஒண்ணா சேத்துப் பாத்து, இது வேல செய்யுதான்னு இனிமே புதுசா ஆய்வு பண்ணத் தேவையே இல்லங்குற அளவுக்கு முடிவு வந்துட்டுன்னு சொல்லிட்டாங்க. இம்புட்டு தெளிவா இருக்குற ஒண்ண நமக்கு ஒரு வருஷமா யாருமே சொல்லலங்கதுதான் ஆத்தாமை.

நம்பர விடுங்க. நெல்லையப்பர் கோயிலுக்கு கூட்டிட்டுப் போனேன், சுவாமி சன்னதியில இருந்து சங்கிலி மண்டபம் வழியா காந்திமதி அம்மன் சன்னதிக்கு போகணும்லா, போன வருஷம் அந்த மண்டபத்துல ரெண்டு எடத்துல உக்காந்தா, நான் அர்ச்சனத் தட்ட புடிச்சுக்கிட்டு நின்னேன். இந்த வாட்டி உதட்ட குவிச்சுக்கிட்டு நேரா நடந்தா. போயி அம்மன் முன்னால நின்னதும் 4 கொடம்ட்டின்னு என் காதுல சொன்னா.

சாப்பாடு பத்தியும் ஒரு நாள் கிளாஸ் எடுத்தாங்க, அம்மா மெலிஞ்சுட்டா, தசை கூடணும்னா பயிறு பருப்பு முட்ட மீனு வேணும், ஒரேயடியா வயிறு முட்டத் திங்காம கொஞ்சங்கொஞ்சமா அஞ்சு வேளை, வயிறு ரொம்புனா மூச்சுக்கு எடம் இல்லாம போயிரும். டயட் சார்ட்டுல ஓட்ஸு, கிரேக்க தயிருன்னு என்னமோ போட்டுருந்துச்சு. அம்மா அத மடிச்சு வச்சுட்டு உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும் திங்கா, கூட ஒரு முட்ட. அந்தப் பிள்ளகிட்ட கேட்டேன், தாராளமா திங்கட்டும்னுட்டு.

பெரிய கொறைன்னு நான் நெனைக்கிறது, 8 வாரம் முடிஞ்சதும் டாட்டா காட்டி அனுப்பிருதாங்க. விட்டுட்டா ஆறு மாசம் ஒரு வருஷத்துல பழையபடி ஆயிரும்னு அவங்களே சொல்லுதாங்க, ஆனா தொடர்ந்து வாரதுக்கு வாரம் ஒரு நாள் குரூப்பு மாதிரி எதுவும் இல்ல, கேட்டா திரும்ப புது பேக்கேஜ் போடுங்கன்னு பதில். வீட்ல செய்யச் சொல்லி ஒரு தாளு குடுத்தாங்க, முழுக்க இங்கிலீஷு! பீடிக்கடை பாஸ்புக்க எழுத்துக்கூட்டி வாசிக்கிறவளுக்கு இங்கிலீஷ் தாளு. நான் உக்காந்து தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி அடுக்களைக் கதவுல ஒட்டிருக்கேன். இப்ப நாலு மாசம் ஆகுது. சாயந்தரம் வீட்டுல இருந்து பிள்ளையார் கோயிலு வரைக்கும் போயிட்டு வாரா, கரண்டு கம்பத்த எண்ணி நடக்கா, அப்ப ரெண்டு கம்பத்துக்கு ஒருக்க நிப்பா இப்ப ஏழாவதுலதான் நிக்கா. ஐப்பசி மழையில ரெண்டு வாரம் விட்டா, திரும்ப ஆரம்பிக்கும்போது அஞ்சாவதுலயே நின்னுட்டா, சொன்னது சரிதான்னு தெரிஞ்சுது. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்க சொளக எறக்கி வச்சுட்டு பத்து தடவ எந்திரிச்சு உக்காரணும்னு அந்தப் பிள்ள சொன்னது மட்டும் விடாம செய்யா. வெந்நி அடுப்ப இன்னும் நிறுத்தல, சண்ட நடந்துக்கிட்டு இருக்கு.

காசு இல்லாதவங்க இந்த மாதிரி காசு கட்டுற எடத்துக்குத்தான் போகணும்னு இல்ல. ஹைகிரவுண்டு கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில நெஞ்சு டாக்டருங்களும் இருக்காங்க பிசியோவும் இருக்கு, சிஓபிடிக்கு நடைப்பயிற்சி சொல்லிக் குடுங்கன்னு வாயத் தொறந்து கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துலயும் வீட்டுக்கு பிசியோ வாரது உண்டு, ஊர் நர்சம்மாகிட்ட விசாரிங்க. எந்த எடத்துக்குப் போனாலும் மொத நாள் நடக்க வச்சு அளக்குறாங்களா, இன்ஹேலர போட்டுக் காட்டச் சொல்லுதாங்களா, இந்த ரெண்டையும் பாருங்க. ரெண்டும் இல்லாம நேரா மெஷின்ல ஏத்துனா எறங்கி வந்துருங்க.

ரேட்டிங்கு அஞ்சுக்கு மூணரை. ஒண்ணு படிக்கு போச்சு, அரை இங்கிலீஷ் தாளுக்கு. சாம்பிராணிய மன்னிச்சாச்சு.

போறவங்களுக்கு, ஞாயிறு லீவு, சனிக்கிழமைய தவிர்க்கப் பாருங்க. கார் நிறுத்த எடம் கெடையாது, பைக்கு நிக்கும். கைல ஒரு துண்டும் தண்ணி பாட்டிலும், வழுக்காத செருப்பும், போட்டுக்கிட்டு இருக்க எல்லா இன்ஹேலரும் கொண்டு போங்க. படியில அவசரப்படுத்தாதீங்க, திருப்பத்துல அந்த சேர் இன்னும் கெடக்கு, போன வாரம் செக்கப்புக்கு போனப்ப அம்மா அதுல உக்காரல, பைய தூக்கி அது மேல வச்சுட்டு நீ இதக் கொண்டு வாட்டின்னுட்டு மேல போயிட்டா.